கொண்டி அந்தப் பக்கம்

ஒரு கிணற்றில் ஒருவருக்குப் பங்கு உண்டு என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருந்தால், அந்தக் கிணற்றுக்குப் போய்வரும் வழியும், தண்ணீர் பாயும் வாய்க்காலும் அந்தப் பங்கோடு சேர்ந்தவை. காணி கைமாறலாம், வேலி மாறலாம், வழி மாறாது. அந்த வழியை யாராவது மறித்து அடைத்தால், அடைத்தவர்தான் திறந்துகொடுக்க வேண்டும். பங்குக்காரர் அனுமதி கேட்டு நிற்கத் தேவையில்லை.

காணிக் கந்தோரில் உத்தியோகமாக இருந்த காலம் முழுவதும் இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் அநேகர் மண்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்கள். எங்கள் ஆட்கள் முதலில் கத்தியை எடுப்பார்கள், பிறகு உறுதியை எடுப்பார்கள். விதி தெரிந்தும், அது முழுவதும் தன் பக்கம் இருந்தும், அதைக் கையால் தொடமாட்டேன் என்று இருந்த ஒருவரை மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் எங்கள் ஒழுங்கையில், எங்கள் வீட்டுக்கு எதிர் வளவில் இருந்தார். இப்போது இல்லை.

குடும்பநல மாதுவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்யவில்லை. ஊர் அவரை மிஸ் என்றது. என்னிலும் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன். மெலிந்த, நெடிய உருவம். வெயிலோ மழையோ கறுப்புக் குடை. கடைசிவரை பொத்தான் வைத்த பழைய கைத்தொலைபேசி ஒன்று வைத்திருந்தார். அதில் யாராவது அழைத்தால், “இப்ப கதைக்க உங்களுக்கு வசதியோ?” என்று கேட்பார். அழைத்தவரிடம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் படலைக்கு வெளியே நின்று, “வீட்டுக்காரர், வரலாமோ?” என்பார். ஒரு தடவைதான் கேட்பார், அதுவும் சத்தமாக அல்ல. பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விடுவார். படலையடியில் நின்று குரல் கொடுப்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் குரல் கொடுத்து முடிக்கும்போது அரைவாசி வளவைக் கடந்து, அடுப்பில் என்ன வேகிறது என்பதையும் மோப்பம் பிடித்திருப்பார்கள். அக்கா நின்ற இடத்தில் நிற்பார்.

ஒருநாள் நான் விறாந்தையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். படலையில் இருந்து பார்த்தால் என் வழுக்கைத் தலை தெளிவாகத் தெரியும். அவர் வந்து கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. போய்விட்டார். பின்னேரம் ஒழுங்கையில் கண்டபோது சொன்னேன்:

“என்னைக் கண்டனீங்கள்தானே அக்கா. நேரை வந்திருக்கலாமே.”

“கண்டனான். நீர் தலையை நிமித்தேல்லை.”

“எனக்குக் கேக்கேல்லை.”

“கேக்காத மாதிரி இருக்க உமக்கு விருப்பமோ எண்டு எனக்கெப்பிடித் தெரியும் தம்பி?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “உதை ஆரும் மரியாதை எண்டு சொன்னால் நம்பாதேங்கோ. உது ஒரு மருந்தில்லா வருத்தம்,” என்றாள். மனைவிக்கு அவர்மேல் ஒரு பழைய மனக்குறை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலையிலும் அவர் அப்படித்தான் இருந்தார். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், குழந்தையைத் தொடுவதற்கு முதல் தாயைப் பார்த்து, “தூக்கட்டோ பிள்ளை?” என்பார். பேறு பார்க்கிறவர்களிடம் யாரும் அப்படியொரு கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. ஒரு தடவை பத்தொன்பது வயதுத் தாய் ஒருத்தி, புருசனோடு கோபமோ என்னவோ, “வேண்டாம்” என்றுவிட்டாள். கிழவிகள் எல்லோரும் அவளை ஏசத் தொடங்கினார்கள். அக்கா அவர்களை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு படலையடியில் போய் நின்றார். வெயில் சாயும்வரை நின்றார். பிறகு வந்து திரும்பவும் கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டு குழந்தையை நீட்டினாளாம். வீட்டுத் தரிசிப்புகள் போதாது என்று மேலிடத்தில் இருந்து அவருக்கு அடிக்கடி குறிப்பு வரும். அவர் பார்த்த குழந்தைகளுக்கு நிறை போதாது என்று ஒரு குறிப்பும் வந்ததாக நான் அறியவில்லை.

சண்டையில் இடம்பெயர்ந்துபோய் ஊர் திரும்பியபோது, அவருடைய வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. கரையோரப் பக்கத்தில் வீட்டை இழந்தவர்கள், நாலு பிள்ளைகள். கதவு நிலைகளை யாரோ ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் சாக்குத் தொங்கியது. எங்களுடைய படலைதான் இல்லை என்று பார்த்தால், எதிர் வளவுக்கும் படலை இல்லை. படலை இருந்த இடத்தில் நின்று அக்கா கேட்டதை நான் என் காதால் கேட்டேன்:

“வீட்டுக்காரர், நான் உள்ளை வரலாமோ?”

சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்த மனிதர் அவரை ஏதோ நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்துக் கதிரை கொண்டுவந்து போட்டார். அவர்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று தெரிந்தபோது அந்த மனிதர் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சாமான்களைக் கட்டச் சொன்னார். அன்றைக்கே வெளிக்கிடுகிறோம் என்றார். “மாரி முடியட்டும். குசினியிலை நான் இருக்கலாமோ?” என்று அக்கா கேட்டார். இரண்டு மாரி முடிந்துதான் அவர்கள் போனார்கள். அவர் அதுவரை தன் வீட்டுக் குசினியில், அவர்களிடம் கேட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டு இருந்தார். அத்துமீறிக் குடியிருப்போரை எழுப்புவதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. நான் அதை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “நல்லாச் சொன்னீர்,” என்றார்.

இதையெல்லாம் கேட்டு அவரைத் தெய்வப் பிறவி என்று நினைப்பவர்கள் என் மனைவியின் கதையையும் கேட்க வேண்டும். ஊரெல்லாம் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இடப்பெயர்வில் மனைவி அவருக்குப் பக்கத்தில் நடந்தாள். அக்காவின் தாயாரும் கூட. தாயாரால் நடக்க முடியவில்லை. பாதையோரத்தில் ஒரு சைக்கிள் மதகோடு சாத்தியிருந்தது. யாருடையது என்று தெரியாது. பின் கரியரில் தாயை இருத்தி உருட்டிக்கொண்டு போகலாம். மனைவி, “எடுங்கோ மிஸ், சொந்தக்காரன் வரமாட்டான்,” என்றாள். அக்கா சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, போகிற ஒவ்வொருவரிடமும், “உங்கடையோ? எடுக்கலாமோ?” என்று கேட்டார். அந்த நெரிசலில் யார் பதில் சொல்வது. நின்று நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து, ஒன்றும் கேட்காமல் அதில் தன் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தாயார் நடந்தார். போன இடத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், கால் வீங்கிப் படுத்தவர் திரும்பி எழும்பவில்லை.

“அண்டைக்கு எடுத்திருக்கலாம்,” என்று மனைவி என்னிடம்தான் சொல்வாள், அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அக்காவும் அதைப்பற்றி ஒருவரிடமும் கதைத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கேட்பதைக் குறைத்துக்கொள்ளவில்லை. கூட்டிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பழக்கத்துக்கு அவ்வளவு பெரிய விலையைக் கொடுத்துவிட்டால் பிறகு அதை விட முடியாது போலும்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன்.

அக்காவின் வளவும் பின்னால் இருக்கிற வளவும் ஒருகாலத்தில் ஒரே காணி. அவருடைய தகப்பனும் சித்தப்பாவும் அதைப் பிரித்துக்கொண்டபோது கிணறு பின் வளவுக்குள் போனது. கிணற்றில் பாதிப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் அக்கா பக்கத்துக்கு. உறுதியை நான் பார்த்திருக்கிறேன். பழுதில்லாத உறுதி. இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி, வேலியில் ஒரு ஆள் குனிந்து போகுமளவு இடைவெளி. அதைப் பொட்டு என்போம். ஊரில் அயலவர்கள் கோபம் கொண்டால் முதலில் அடைப்பது பொட்டைத்தான், கோபம் தீர்ந்தால் முதலில் பிரிப்பதும் அதைத்தான். இந்தப் பொட்டு ஒருநாளும் அடைபட்டதில்லை.

பின் வளவு இப்போது சித்தப்பாவின் மகனுக்கு, அதாவது அக்காவின் ஒன்றுவிட்ட தம்பிக்குச் சொந்தம். அவர் கனடாவில். வளவைப் பார்க்க ஒருவரை வைத்திருந்தார். அவர் வாழை வைத்து, கிழமையில் இரண்டு நாள் வந்து இறைப்பார். நல்ல மனிதர். ஆனால் ஓர் ஆடி மாதத்தில், கனடாவில் இருந்து காசு வந்ததென்று, சுற்றிவரச் சிமெந்துத் தூண் நாட்டி, கம்பி வலை அடித்துவிட்டார். பொட்டு இருந்த இடத்திலும் வலை. அதற்குப் பிறகு அக்கா கிணற்றுக்குப் போவதென்றால் ஒழுங்கையால் இறங்கி, பஸ் போகும் தெருவுக்கு ஏறி, அடுத்த ஒழுங்கையால் திரும்பி, பின் வளவின் முன்படலைக்குப் போக வேண்டும். இரண்டு கையிலும் வாளி. எங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர்த் திட்டத்தின் குழாய் வந்துவிட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தண்ணீர் மட்டும்தான் வரவில்லை.

ஐப்பசி மழையில் தெருக்கரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு உடையவில்லை, ஆனால் கால் பழையபடி வரவில்லை. வவுனியாவில் இருக்கும், மகள் முறையான பெறாமகள் ஓடி வந்தாள். “நீங்கள் தண்ணி அள்ள ஏலாத இடத்திலை எப்பிடித் தனிய இருக்கிறது? எங்கடை வீட்டிலை அறை இருக்கு,” என்றாள். அவள் போனபிறகு அக்கா என்னிடம் சொன்னார்:

“அவள் நல்ல பிள்ளை. அங்கை போனால் எனக்கு எல்லாம் செய்வாள். குசினிக்குள்ளை போகோணுமெண்டாலும் நான் அவளைக் கேக்கோணும் தம்பி. இவ்வளவு நாளும் கேட்டிட்டன். சாகிறது மட்டும் என்ரை வீட்டிலை, ஒருத்தரையும் கேளாமல் சாகோணும்.”

அவர் தனக்காக ஒன்றை வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் கிணற்றில் இருந்து ஒரு குழாய் இழுத்துவிடுகிறேன் என்றேன். விழுந்த கிழமை மட்டும் ஏற்றுக்கொண்டார். பிறகு வேண்டாம் என்றார். “ஒரு நாளைக்குக் கேட்டால் நீர் இல்லையெண்டு சொல்லலாம். ஒவ்வொரு நாளும் கேட்டால் நீர் எப்பிடிச் சொல்லுவீர்?”

அப்படியானால் வேலியைத் திறக்க வேண்டும் என்றேன். உறுதியின் இலக்கம், பங்கின் விபரம், மறித்த திகதி எல்லாவற்றையும் போட்டு, தம்பிக்கு ஒரு கடிதத்தின் வரைவு எழுதிக் கொடுத்தேன். அது நல்ல வரைவு. படித்தவுடன் எதிராளி சட்டத்தரணியைத் தேடுவார். அக்கா கண்ணாடி போட்டு ஆறுதலாக வாசித்தார்.

“உரித்து எண்டு எழுதியிருக்கிறீர்.”

“ஓம். உரித்துத்தானே.”

“உரித்தெண்டு எழுதினால் அவன் எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?”

“மாட்டன் எண்டு சொல்லேலாமல் பண்ணுறதுக்குத்தான் அக்கா கடிதமே எழுதுறது.”

“அப்ப அது கேக்கிறதில்லைத் தம்பி.”

தொலைபேசியில் கேளுங்கள் என்றால், “திடீரெண்டு கேட்டால் முகத்துக்காக ஓம் எண்டிடுவான்,” என்றார். கடைசியில் தானே ஒரு கடிதம் எழுதினார். தம்பி, வேலியில் ஒரு சின்னப் படலை போட்டு, கிணற்றுக்குப் போய்வர விருப்பம், உனக்குச் சம்மதமோ, சம்மதமில்லாவிட்டாலும் நான் குறை நினைக்கமாட்டேன், யோசித்துச் சொல்லு. அவ்வளவுதான். பதில் சொல்ல என் தொலைபேசி இலக்கத்தைப் போடலாமோ என்று கேட்டுப் போட்டார். விலாசத்தை வளவு பார்ப்பவர் கொடுத்தார். “அண்ணை இப்ப கதைக்கிறேல்லை, மகள்தான் காசு போடுறவ,” என்றும் சொன்னார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெளிநாட்டில் கதைக்காமல் விடுகிறவர்கள் பலர்.

பதில் வரும்வரை படலையைச் செய்து வைக்கலாம் என்று அக்கா முடிவெடுத்தார். இது எனக்கு விளங்கவில்லை. சம்மதம் கிடைக்க முதல் படலையா என்றேன். “அவன் ஓம் எண்டால் அண்டைக்கே திறக்கலாம். இல்லையெண்டால் அது வேலிதானே,” என்றார். வளவு பார்ப்பவரைக் கேட்டார். அவர், “இதென்ன மிஸ், நானெல்லோ தெரியாமல் அடைச்சது,” என்று சொல்லி, இரண்டு தூணுக்கு இடையில் வலையை வெட்டி, பனங்குற்றி இரண்டை நாட்டி, அடியில் சிமெந்தும் போட்டுத் தந்தார்.

மரவேலைக்கு ஓடாவியாரைக் கேட்டபோது பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்தும் அவர் வரவில்லை. மருதனார்மடச் சந்தியில் ஒரு இரும்புக் கடையில், படலைக்கு வேண்டிய இரும்புச் சாமான் முழுவதையும் ஒரே பெட்டிக்குள் போட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் அக்காவும் ஓட்டோவில் போனோம். திறந்து மூட நீட்டுப் பிணைச்சல் இரண்டு, மூலைத் தகடு நாலு, மாட்டி வைக்க ஒரு கொண்டி, திருகாணிகள், படலை சாயாமல் இழுத்துப் பிடிக்க ஒரு கம்பியும் முறுக்கியும். அக்கா, “பெட்டியைத் திறந்து பாக்கலாமோ?” என்று கடைக்காரரைக் கேட்டார். “காசு தந்திட்டியள் அம்மா. இனி அடுப்புக்குள்ளை போட்டாலும் நான் ஏனெண்டு கேளன்,” என்றார் அவர். வேம்புச் சட்டங்களை மரக்காலையில் அளவுக்கு அறுத்து எடுத்துக்கொண்டோம்.

பெட்டிக்குள் ஒரு கடதாசி இருந்தது. ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் ஆங்கிலம், நடுவில் படங்கள். இங்கேதான் நான் பயன்பட்டேன். ஒவ்வொரு படியாக வாசித்துச் சொன்னேன். அக்கா முற்றத்தில் பாயைப் போட்டு, சட்டங்களை நீளமும் குறுக்குமாகப் பரப்பி, மூலைத் தகடுகளை வைத்தார். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்தார். பேறு பார்த்த கை, திருகாணி முறுக்கவும் பதறவில்லை. ஆனால் ஒவ்வொரு துளைக்கும் என் முகத்தைப் பார்த்து, “இதிலை போடட்டோ?” என்றார். போடுங்கோ, போடுங்கோ என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. படலையைத் தூக்கி மாட்டும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கடதாசியில் இருந்தது. அந்த இன்னொருவர் நான். நிலத்துக்கும் படலைக்கும் இடையில் இரண்டு ஓட்டுத்துண்டை வைத்து, நான் தாங்கிப் பிடிக்க, அவர் பிணைச்சல்களைப் பூட்டினார். கம்பியை மேல் மூலையில் இருந்து கீழ் மூலைக்கு இழுத்து முறுக்கினோம். படலை தன் வளவுப் பக்கம்தான் திறக்க வேண்டும் என்றார். தன்னுடைய படலை தம்பியின் காணிக்குள் ஒரு அங்குலமும் வீசக்கூடாதாம். சரி என்றேன். நியாயமான கருத்து.

கடைசியாக மிஞ்சியது கொண்டி. நான் கடதாசியைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் படலைக்கு மேலால் கையை நீட்டி, அதைப் படலையின் அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அக்கா, இந்தப் பக்கம் வரோணும். போற ஆளின்ரை பக்கம்தான் கொண்டி. படம் போட்டிருக்கு.”

“படம் போட்டவனுக்கு இது ஆரின்ரை காணி எண்டு தெரியுமோ?”

“அங்காலை கொண்டியை வைச்சால் ஆர் நிண்டு திறக்கிறது? வாழையோ?”

“உள்ளுக்கு விடுறவன்தான் திறக்கோணும் தம்பி. வாறவள் திறக்கிறேல்லை.”

“அவர் கனடாவிலை இருக்கிறார்.”

“தெரியும்.”

வளவு பார்ப்பவர் அந்தப் பக்கம் நின்று திருகாணிகளை முறுக்கினார். முறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணால் ஏதோ கேட்டார். நான் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். இந்த வகைக்கு அதில் படம் இல்லை.

அந்தப் படலை ஒரு வருடத்துக்கு மேல் பூட்டியே நின்றது. வேம்பு காய்ந்து நரைத்தது. அக்கா தெருவால்தான் போனார், இப்போது இரண்டு வாளியின் இடத்தில் ஒரு சின்னக் கலன், நாலைந்து நடை. வளவு பார்ப்பவர் இறைக்க வரும் நாட்களில், “மிஸ், நான் திறந்து விடுறன், வந்து அள்ளுங்கோ,” என்பார். “நீர் பாக்கிறனீர். அவன்தான் சொந்தக்காரன்,” என்பார் அக்கா. அதனால் அவர் வாளியில் தண்ணீரை நிரப்பி, பூட்டிய படலைக்கு மேலால் தூக்கிக் கொடுப்பார். அக்கா இந்தப் பக்கம் நின்று இரண்டு கையாலும் வாங்குவார். நான் என் வீட்டு விறாந்தையில் இருந்து, அக்காவின் வீட்டோரத்தால் இதைப் பார்ப்பேன். எத்தனையோ அபத்தமான காணிப் பிணக்குகளை விசாரித்திருக்கிறேன். எதிராளியே இல்லாத பிணக்கு இது ஒன்றுதான்.

இரண்டாவது மாரியில் கால் இன்னும் மோசமானது. தைப்பொங்கலுக்கு வந்த பெறாமகள் இந்த முறை கேட்கவில்லை, சொன்னாள். பங்குனி முடிய வாகனம் பிடித்துக்கொண்டு வருவேன் என்று. அக்கா சரி என்றார். பிறகு தன் உடுப்புகளை வெயிலில் போட்டு எடுத்து, ஒரு பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார். மனைவி அதைப் பார்த்துவிட்டு வந்து என்னை ஏசினாள்.

“கந்தோரிலை இருந்தனீங்கள், ஒரு மனிசியை அவவின்ரை சொந்தக் கிணத்துக்குப் போகப் பண்ணத் தெரியேல்லை.”

“அவ போகமாட்டன் எண்டுறா. அதுக்குச் சட்டம் இல்லை.”

“நீங்கள் கனடாவுக்கு அடிச்சுக் கதையுங்கோவன்.”

இரகசியமாகக் கதைக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. வளவு பார்ப்பவரிடம் மகளின் இலக்கத்தை வாங்கி, இப்படியொரு கடிதம் வந்ததா என்று ஒரு செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

பங்குனித் திங்களில் அம்மன் கோயிலில் பொங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று காலை அக்கா பானையும் அரிசியும் எடுத்து வைத்திருந்தார். மனைவியும் அவரும் சேர்ந்து போவதாக இருந்தது. என் தொலைபேசி சத்தமிட்டது. குரல் செய்தி. நான் தனியே கேட்டேன். பிறகு மனைவியைக் கேட்கச் செய்தேன். பிறகு இருவரும் ஒழுங்கையைக் கடந்து போனோம். நான் அவருடைய படலையடியில் நின்று குரல் கொடுத்தேன். அவர் வந்து, “வாங்கோ,” என்று சொல்லும்வரை நின்றேன். அன்றைக்கு எனக்கு அவசரம் இருக்கவில்லை.

தொலைபேசியை அவர் கையில் கொடுத்தேன். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையின் தமிழ்.

“மாமி, நான் கனடாவிலை இருந்து கதைக்கிறன். அப்பா நேற்றுச் செத்திட்டார். அப்பாவுக்கு மூண்டு வருசமா ஒண்டும் ஞாபகம் இல்லை, என்னையும் தெரியாது. உங்கடை கடிதம் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது, வைச்சிட்டன். அந்த ஐயா மெசேஜ் போட்டவர், அப்ப அப்பா ஹொஸ்பிட்டலிலை. சொறி மாமி. இப்ப வீட்டிலை ஆக்கள் நிக்கினம், ஒரு அங்கிள் கடிதத்தை வாசிச்சுச் சொன்னவர். அந்த கேற்றுக்கு ஏன் எங்களைக் கேட்டனீங்கள் எண்டு எனக்கு விளங்கேல்லை. போடுங்கோ மாமி.”

நாங்கள் செத்திட்டார் என்று சொல்லமாட்டோம். மோசம் போனார் என்போம், கண்ணை மூடினார் என்போம். அந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல் ஒன்றுதான் தெரிந்திருந்தது.

அக்கா இன்னொருமுறை போடச் சொன்னார். கேட்டார்.

“அவன் வாசிக்கேல்லை,” என்றார்.

“இல்லை அக்கா.”

“அப்ப அவனை ஒருத்தரும் கேக்கேல்லை.”

மனைவிதான் மெதுவாக, “தோயோணும் மிஸ்,” என்றாள். சித்தப்பாவின் மகன், ஒரே தகப்பன்வழி, சாவுத் துடக்கு அவருக்கும் உண்டு. செய்தி கேட்ட உடனே தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும். கோயிலும் பொங்கலும் இனி இல்லை. இந்த விதிகளை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

அவர் உள்ளே போய்த் துவாயையும் மாற்றுச் சேலையையும் எடுத்துவந்தார். வழக்கம்போல ஒழுங்கைப் பக்கம் திரும்புவார் என்று நினைத்து நான் விலகி நின்றேன். அவர் திரும்பவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். படலைக்கு முன்னால் நின்றார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. வாழைகள், கிணற்றுக் கட்டு, துலாக்கால். கேட்பார் என்று நான் காத்திருந்தேன்.

“தம்பி, திறக்கிறன்,” என்றார், என்னைப் பார்த்தல்ல, கிணற்றடியைப் பார்த்து.

படலைக்கு மேலால் கையை விட்டு, கொண்டியைத் தூக்கி, தன் பக்கம் இழுத்தார். மழையில் ஊதியிருந்த மரம் கொஞ்சம் பிடித்தது. பிறகு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். என் மனைவியும் பின்னால் போய், வாளியை விட்டு அள்ளி, அவருடைய தலையில் வார்த்தாள். ஒரு வாளி, இன்னொரு வாளி. சைக்கிளைப்பற்றி அவள் பிறகு ஒருநாளும் என்னிடம் கதைக்கவில்லை. நான் படலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். எனக்கு அந்தக் கிணற்றில் பங்கில்லை.

பங்குனி முடிய வாகனம் வந்தது. பெறாமகள் தேத்தண்ணி குடித்துவிட்டு, திறந்து கிடந்த படலையையும் குசினியடியில் நிரம்பியிருந்த தொட்டியையும் பார்த்துவிட்டு, வெறும் வாகனத்தோடு திரும்பிப் போனாள். அக்கா அதற்குப் பிறகு சில வருடங்கள் அந்த வீட்டிலேயே இருந்தார். அந்த வீட்டிலேயே, ஒருத்தரையும் கேளாமல், நித்திரையில் போனார். எங்கள் படலையடியில் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

அவருடைய கடிதத்தின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. பழைய உத்தியோகப் பழக்கத்தில் அதன் மூலையில் எழுதி வைத்திருக்கிறேன்: பதில் கிடைத்தது, பங்குனி இரண்டாம் திங்கள்.